சுவரில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி

பெலாரூசியனுக்கும் அம்ஹாரிக்குக்கும் இலக்கணத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஓர் அரசாங்கத்தால் ஒரு மொழியை என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை இந்த இரண்டின் கதையும் சேர்ந்து சொல்கிறது.

பெலாரஸ் நாட்டின் தலைநகர் மின்ஸ்க். அங்கே மெட்ரோ ரயில் கதவு மூடுவதற்கு முன் ஒலிக்கும் எச்சரிக்கை பெலாரூசியன் மொழியில் இருக்கும். நிலையத்தின் பெயர்ப் பலகையிலும் அதே மொழிதான். பயணி சட்டைப்பையிலிருந்து எடுக்கும் ரூபிள் நோட்டில் அச்சாகியிருப்பதும் அதுதான். ஆனால் கதவு மூடிய பிறகு பெட்டிக்குள் காதில் விழும் பேச்சு அநேகமாக ரஷ்யனாக இருக்கும். பெலாரூசியனில் யாராவது சத்தமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் காட்சி தலைகீழ். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்றான மெர்காட்டோவில் மிளகாய் விற்பவரின் தாய்மொழி குராகே. வாங்க வந்தவர் வீட்டில் பேசுவது ஒரோமோ. மூட்டை தூக்குபவர் தெற்கே இன்னொரு மொழிக்காரர். மூவரும் பேரம் பேசுவது அம்ஹாரிக்கில். அதற்காக அதைத் தங்கள் மொழி என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த இரண்டு மொழிகளையும் யாரும் சாதாரணமாக அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று கிழக்கு ஐரோப்பாவின் காட்டுப் பிரதேசத்தில் பிறந்தது. மற்றது ஆப்பிரிக்காவின் கிழக்கு மலைநாட்டுக்குச் சொந்தமானது. ஆனால் இரண்டுமே அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற மொழிகள். இரண்டுக்கும் நீண்ட இலக்கிய வரலாறு உண்டு. இரண்டின் நிலையும் இன்று சிக்கலானது. ஒன்றை மதிக்கிறார்கள், பேசுவதில்லை. மற்றதைப் பேசுகிறார்கள், பலர் மனத்தாங்கலோடு பேசுகிறார்கள்.

எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பெலாரஸின் 2019ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 94 லட்சம் பேரில் 54 சதவிகிதத்தினர் தங்கள் தாய்மொழி பெலாரூசியன் என்றார்கள். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் 26 சதவிகிதம் மட்டுமே. 1999இல் இந்த எண்கள் முறையே 73 ஆகவும் 36 ஆகவும் இருந்தன. எத்தியோப்பியாவின் 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்ஹாரிக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 29 சதவிகிதம், அதாவது சுமார் 2 கோடியே 16 லட்சம் பேர். ஒரோமோ பேசுபவர்கள் அவர்களைவிட அதிகம்: 33 சதவிகிதத்துக்கும் மேல். ஆனாலும் 80க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள அந்த நாட்டில் ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்துக்காரரிடம் பேச வேண்டுமானால் பெரும்பாலும் அம்ஹாரிக்கைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

அக்னியும் சலாமும்

மொழிக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இந்தியர்களுக்கு இரண்டுமே முற்றிலும் அந்நியமல்ல. பெலாரூசியன் ஸ்லாவியக் கிளையைச் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழி. ரஷ்யனும் உக்ரேனியனும் அதன் உடன்பிறப்புகள். இந்தியும் வங்காளமும் தூரத்து உறவுகள். பெலாரூசியனில் நெருப்புக்கு 'அஹோன்' என்று பெயர். சமஸ்கிருத 'அக்னி'யும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டு என்பது 'த்வா', மூன்று என்பது 'த்ரி'.

அம்ஹாரிக் செமிட்டிக் கிளை மொழி. அரபியும் ஹீப்ருவும் அதன் உறவினர். அரபியின் 'சலாம்' அங்கே 'செலாம்'. வீட்டுக்கு அரபியில் 'பைத்', ஹீப்ருவில் 'பயித்', அம்ஹாரிக்கில் 'பேத்'. சொல்லின் எலும்புக்கூடு மெய்யெழுத்துகளால் ஆனது. ஸ-ப-ர என்ற மூன்று மெய்கள் சேர்ந்தால் உடைத்தல் என்ற பொருள் வந்துவிடும். இடையில் உயிரொலிகளை மாற்றிப் போட்டால் உடைத்தான், உடைப்பான், உடைந்த துண்டு என்று சொற்கள் கிளைத்துக்கொண்டே போகும்.

ஆனால் வாக்கியம் அமைப்பதில் அம்ஹாரிக் தன் செமிட்டிக் உறவினரைவிடத் தமிழுக்கு நெருக்கமாக நிற்கிறது. எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில். 'நேற்று வந்த மனிதர்' என்று தமிழில் பெயருக்கு முன்னால் அடைமொழி வருவதுபோலவே அங்கும் வரும். அந்த மலைநாட்டில் ஏற்கெனவே பேசப்பட்டுவந்த குஷிட்டிக் மொழிகளோடு நூற்றாண்டுக் கணக்கில் பழகியதால் ஏற்பட்ட மாற்றம் இது என்பது மொழியியலாளர்களின் விளக்கம். மரியாதை காட்டுவதிலும் அப்படித்தான். எதிரில் இருப்பவரை நீங்கள் என்பதற்கும், அங்கே இல்லாத பெரியவரை அவர் என்பதற்கும் அம்ஹாரிக்கில் தனிச் சொற்கள் உண்டு. பெலாரூசியனில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருக்கிறது. ஆனால் அவன், அவர் என்ற வேறுபாடு கிடையாது.

எழுத்திலும் தமிழருக்குப் புரியக்கூடிய ஒற்றுமை இருக்கிறது. அம்ஹாரிக் எழுத்துக்கு 'ஃபிதெல்' என்று பெயர். இடமிருந்து வலமாக எழுதுவது. க, கா, கி, கீ போல ஒவ்வொரு மெய்யும் உயிரோடு சேர்ந்து உருமாறும். தமிழில் 12 உயிர்கள், அங்கே 7. அடிப்படை எழுத்துகள் 33. ஆகவே 231 வடிவங்களைக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்த அழகான எழுத்தில் ஒரு குறையும் உண்டு. மெய் இரட்டிப்பதை அது காட்டாது. 'அல' என்றால் சொன்னான். 'அல்ல' என்றால் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். 'பதி'யையும் 'பத்தி'யையும் ஒரே மாதிரி எழுதினால் எப்படியோ அப்படி. வாசிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு ஹ ஒலிக்கு மூன்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள், ஸ ஒலிக்கு இரண்டு. பழைய கீஸ் மொழியில் இவை வேறு வேறு ஒலிகள். கீஸ் பேச்சிலிருந்து மறைந்து, சமஸ்கிருதம்போல வழிபாட்டு மொழியாகிவிட்டது. அதன் எழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன.

பெலாரூசியன் இதற்கு நேர் எதிர். வாய் சொல்வதைக் கை எழுதும். பாலை ரஷ்யர்கள் 'மொலொகோ' என்று எழுதிவிட்டு 'மலகோ' என்று படிக்கிறார்கள். பெலாரூசியனில் எழுதுவதும் 'மலகோ', படிப்பதும் 'மலகோ'. ஆங்கில டபிள்யூ போல ஒலிக்கும் குறுகிய உகரத்துக்கு அந்த மொழி ஒரு தனி எழுத்தே வைத்திருக்கிறது. ரஷ்யனில் அந்த எழுத்து கிடையாது. 2003இல் போலட்ஸ்க் நகரில் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

ஒரே பத்தாண்டு, இரண்டு திருப்பங்கள்

போலட்ஸ்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பிறந்த பிரான்சிஸ்க் ஸ்கரினா 1517இல் பிராக் நகரில் சங்கீத நூலை அச்சிட்டார். தொடர்ந்து விவிலியத்தின் பல பகுதிகளையும் வெளியிட்டார். கிழக்கு ஸ்லாவியர்களில் முதலில் அச்சு இயந்திரத்தைக் கையில் எடுத்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் பெலாரஸ் பகுதி லித்துவேனியப் பெருங்கோமகன் நாட்டின் பகுதியாக இருந்தது. அதன் அரச அலுவலகங்களில் நடந்த எழுத்து வேலை பெலாரூசியனுக்கும் உக்ரேனியனுக்கும் பொது மூதாதையான ருத்தேனியன் மொழியில். 1588ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அந்த மொழியிலேயே அச்சானது.

அது நீடிக்கவில்லை. 1690களில் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் ருத்தேனியன் போய்ப் போலிஷ் வந்தது. மேல்தட்டு மக்கள் ஏற்கெனவே போலிஷுக்கு மாறியிருந்தார்கள். பழைய மொழி கிராமத்துக்குத் திரும்பியது.

அதே பத்தாண்டில், 1698இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் அம்ஹாரிக் மொழியின் இலக்கணம் ஒன்று அச்சானது. எழுதியவர் ஹியோப் லுடோல்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர். அவருக்கு மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா கோர்கோரியோஸ் என்ற எத்தியோப்பியத் துறவி. அப்போது எத்தியோப்பியாவில் எழுத வேண்டியவை எல்லாம் கீஸில்தான் எழுதப்பட்டன. அரசவையில் பேசினாலும் அம்ஹாரிக் பேச்சு மொழிதான். 14ஆம் நூற்றாண்டின் அரச புகழ்ப் பாடல்கள் சில மட்டும் விதிவிலக்கு.

ஆகவே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்று அலுவலகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. மற்றது இன்னும் உள்ளே நுழையவில்லை. அடுத்த 200 ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு திசைகளில் போயின.

1772க்கும் 1795க்கும் இடையே போலந்து துண்டாடப்பட்டதில் பெலாரஸ் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போயிற்று. ஜார் ஆட்சியின் பார்வையில் பெலாரூசியன் தனி மொழி அல்ல, ரஷ்யனின் கிராமத்து வழக்கு. 1863 எழுச்சிக்குப் பிறகு அந்த மொழியில் அச்சிடுவது ஏறக்குறைய முடியாத காரியமாயிற்று. 1905 புரட்சி சற்றே கதவைத் திறந்தது. 1906இல் வில்னியூஸ் நகரில் 'நாஷா நீவா' என்ற பத்திரிகை பிறந்தது. யாங்கா குபாலா, யாகுப் கோலஸ் ஆகிய இரு கவிஞர்களும் அதில்தான் வளர்ந்தார்கள். கத்தோலிக்க வாசகர்களுக்கு லத்தீன் எழுத்திலும், ஆர்த்தடாக்ஸ் வாசகர்களுக்கு சிரிலிக் எழுத்திலுமாக 1912 வரை பத்திரிகை இரண்டு வடிவங்களில் வந்தது. இன்னொரு வடிவமும் உண்டு. அப்பகுதியின் தாத்தார் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகப் பெலாரூசியனை அரபி எழுத்தில் எழுதிவந்திருக்கிறார்கள்.

துப்பாக்கியோடு வந்த மொழி

எத்தியோப்பியாவில் இதே காலத்தில் அம்ஹாரிக் மேலேறிக்கொண்டிருந்தது. 1855இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் தியோட்ரோஸ் மன்னரின் வரலாற்றை அம்ஹாரிக்கிலேயே எழுதினார்கள். கீஸ் பின்வாங்கத் தொடங்கியது. அவருக்குப் பின் வந்தவர்களில் இரண்டாம் மெனெலிக் தெற்கேயும் மேற்கேயும் படை நடத்தி நாட்டின் பரப்பைப் பல மடங்கு விரித்தார். 1896இல் அட்வா போரில் இத்தாலியரைத் தோற்கடித்து ஆப்பிரிக்காவின் பெருமையைக் காத்தவரும் அவரே.

புதிதாகச் சேர்க்கப்பட்ட பகுதிகளில் காவல் நகரங்கள் எழுந்தன. அங்கே குடியேறிய சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நிலமும் குடியானவர்களின் உழைப்பும் ஒதுக்கப்பட்டன. அவர்களுக்கு 'நெஃப்தன்யா', அதாவது துப்பாக்கி வைத்திருப்பவர், என்று பெயர். வழக்கு, வரி, கோயில் எல்லாம் அவர்கள் மொழியான அம்ஹாரிக்கில். ஒரோமோக் குடியானவர் தன் நிலத்துக்காக வாதாட மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கும் எத்தியோப்பிய அரசியல் மேடைகளில் 'நெஃப்தன்யா' வசைச் சொல்லாகப் புழங்குகிறது.

ஹைலி செலாசி மன்னர் காலத்தில் இது சட்டமாயிற்று. 1944ஆம் ஆண்டு ஆணை மிஷன் பள்ளிகளின் பொதுப் பயிற்று மொழி அம்ஹாரிக் என்றது. 1955ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதை ஆட்சி மொழியாக அறிவித்தது. ஒரோமோவுக்குப் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் இடமில்லை. இத்தனைக்கும் அது எழுத்தறியாத மொழியல்ல. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்ட ஒனேசிமோஸ் நெசிப் என்பவர் அஸ்தெர் கன்னோ என்ற பெண்ணின் உதவியோடு விவிலியம் முழுவதையும் ஒரோமோவில் மொழிபெயர்த்து 1899இல் சுவிட்சர்லாந்தில் அச்சிட்டிருந்தார். தாய்நாட்டில் அந்த மொழிக்கு ஒரு வகுப்பறைகூடக் கிடைக்கவில்லை.

அம்ஹாரிக்கின் வளர்ச்சியை வெறும் திணிப்பாக மட்டும் பார்ப்பதும் சரியாகாது. 1908இல் அஃபவொர்க் கெப்ரெ இயேசுஸ் எழுதி ரோம் நகரில் வெளியான முதல் அம்ஹாரிக் நாவலிலிருந்து வளமான நவீன இலக்கியம் உருவானது. காலனி ஆட்சியாளரின் மொழியைக் கடன் வாங்காமல் தன் மண்ணின் மொழியிலேயே அரசு நடத்த முடிந்த ஆப்பிரிக்க நாடுகள் மிகச் சில. அம்ஹாரிக் அதைச் சாதித்தது. அந்தச் சாதனையின் விலையை அதே மண்ணின் மற்ற மொழிகள் கொடுத்தன என்பதுதான் பிரச்னை.

சுட்டுக்கொல்லப்பட்ட இலக்கணம்

சோவியத் ஆட்சி பெலாரூசியனுக்கு முதலில் பொற்காலத்தைக் கொடுத்தது. 1920களில் குடியரசுக்கு நான்கு ஆட்சி மொழிகள்: பெலாரூசியன், ரஷ்யன், போலிஷ், இத்திஷ். பள்ளிகள் பெருகின. 1918இல் பிரனிஸ்லாவ் தரஷ்கேவிச் எழுதிய இலக்கணம் பாடநூலாயிற்று.

1930களில் காற்று மாறியது. 1933ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் மொழியை ரஷ்யனுக்கு அருகே இழுத்தது. 1937 அக்டோபர் 29ஆம் தேதி இரவு மின்ஸ்க்கில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தரஷ்கேவிச்சும் கொல்லப்பட்டார். அதன் பின் வந்த உலகப் போரில் பெலாரஸ் மக்களில் சுமார் நான்கில் ஒருவர் இறந்தனர். யூதர்களோடு இத்திஷ் மொழியும் ஏறக்குறைய அழிந்தது.

மிச்சத்தை அமைதிக்காலம் செய்தது. போருக்குப் பின் தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமத்தவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். நகரத்தில் மேலதிகாரி, மருத்துவர், பேராசிரியர் எல்லாருக்கும் ரஷ்யன். பெலாரூசியன் உச்சரிப்பு பட்டிக்காட்டுத்தனத்தின் அடையாளமாயிற்று. பள்ளியில் எந்த மொழி வேண்டும் என்று 1950களின் இறுதியில் பெற்றோரிடம் தேர்வை விட்டபோது அவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1980களில் பெரிய நகரங்களில் பெலாரூசியன் வழிப் பள்ளிகள் அநேகமாக இல்லை. இரண்டு மொழிகளும் கலந்த ஒரு பேச்சு மட்டும் பரவியிருந்தது. அதற்கு வைத்த பெயர் 'த்ரஸ்யான்கா'. வைக்கோலையும் புல்லையும் கலந்து மாட்டுக்குப் போடும் மட்டமான தீவனத்தின் பெயர் அது. தன் பேச்சை அப்படி அழைக்கும் சமூகத்தின் மனநிலையை ஊகிப்பது கடினமல்ல.

1995: எதிரெதிர் முடிவுகள்

சோவியத் யூனியன் சரிந்துகொண்டிருந்தபோது, 1990 ஜனவரியில், பெலாரூசியன் ஒன்றே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் முதல் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பான்மையோர் அந்த மொழியில் படித்தார்கள். வேகம் சிலருக்கு எரிச்சலூட்டியது. ரஷ்யனில் வளர்ந்த பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது சுமையாயிற்று. 1994இல் அதிபரான அலெக்சாண்டர் லுகஷென்கோ அந்த எரிச்சலைப் பயன்படுத்திக்கொண்டார். 1995 மே 14ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் ரஷ்யனுக்குச் சமஅந்தஸ்து தர ஒப்புக்கொண்டார்கள்.

காகிதத்தில் இரண்டு மொழிகளும் சமம். நடைமுறையில் சமம் என்றால் அதிகாரிக்கு எது வசதியோ அது. சட்டங்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ரஷ்யனில் வருகின்றன. 2020களின் தொடக்கத்தில் பெலாரூசியன் வழியில் படித்த பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்தில் ஒருவர். முழுக்க அந்த மொழியில் பாடம் நடத்தும் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. மருத்துவம் படிக்க மின்ஸ்க்குக்கும் கோமெலுக்கும் போகும் இந்திய மாணவர்கள் நோயாளிகளிடம் பேசுவதற்காகக் கற்றுக்கொள்வது ரஷ்யன்தான்.

அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் எத்தியோப்பியாவில் புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அது எதிர்த் திசையில் போயிற்று. நாட்டின் எல்லா மொழிகளுக்கும் சமமான அங்கீகாரம். அம்ஹாரிக் கூட்டாட்சி அரசின் அலுவல் மொழி மட்டுமே. மாநிலங்கள் தங்கள் மொழியைத் தாங்களே முடிவு செய்யலாம். 1979இல் தொடங்கிய ராணுவ ஆட்சியின் எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் பாடம் நடத்தியிருந்தாலும் எல்லாவற்றையும் ஃபிதெல் எழுத்திலேயே எழுத வைத்தது. இப்போது எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்தது. ஒரோமோக்கள் 1991லேயே லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டார்கள். உயிரொலிகளின் நெடில், குறிலையும் மெய் இரட்டிப்பதையும் ஃபிதெலில் காட்ட முடியாது, லத்தீனில் முடியும் என்பது மொழியியல் காரணம். நெஃப்தன்யாவின் எழுத்து வேண்டாம் என்பது மனசின் காரணம்.

ஒரோமியாவின் குழந்தைகள் தாய்மொழியில் படிக்கத் தொடங்கினார்கள். இது பெரிய வெற்றி. ஆனால் படித்து முடித்ததும் அவர்கள் ஒரு சுவரைச் சந்தித்தார்கள். மத்திய அரசு வேலைக்கு அம்ஹாரிக் தேவை. ஒரோமியாவின் நடுவே இருந்தும் தலைநகர் அடிஸ் அபாபாவின் அலுவல் மொழி அம்ஹாரிக். அந்த ஊரின் பெயரே அம்ஹாரிக்கில் 'புது மலர்'. ஒரோமோக்கள் அதை ஃபின்ஃபின்னே என்கிறார்கள். 2020 ஜூனில் ஒரோமோ மொழிப் பாடகர் ஹசாலு ஹுண்டேசா அந்த நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரங்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் நகரப் பள்ளிகளில் ஒரோமியா கீதம் பாடுவது பற்றிய தகராறு மாணவர்களை மோத வைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. பல தலைமுறைகளுக்கு முன் பிற மாநிலங்களில் குடியேறிய அம்ஹாரா ஏழை விவசாயிகள் பலமுறை தாக்கப்பட்டிருக்கிறார்கள். 2022 ஜூனில் மேற்கு ஒரோமியாவில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மெனெலிக் காலத்துச் சிப்பாயின் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அவனுடைய மொழி மட்டும் இருந்தது.

2020இல் எத்தியோப்பிய அமைச்சரவை ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி, அஃபார் ஆகிய நான்கையும் கூட்டாட்சி அலுவல் மொழிகளாகச் சேர்க்கும் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. முடிவைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஐந்து மொழிகளிலும் கோப்பு நகர்த்தத் தெரிந்த அதிகாரிகளை உருவாக்க ஒரு தலைமுறை பிடிக்கும்.

எழுதுபவரின் சங்கடம்

இப்படிப்பட்ட மொழிகளில் எழுதுவது எளிதான தொழில் அல்ல. பெலாரூசியனின் பெரிய நாவலாசிரியர் வசீல் பீகவ் போர்க்களக் கதைகளைத் தன் மொழியில் எழுதினார். அவரே அவற்றை ரஷ்யனிலும் மொழிபெயர்த்தார். வெளியுலகம் அவரை 'சோவியத் எழுத்தாளர்' என்றே அறிந்தது. லுகஷென்கோ ஆட்சியில் பல ஆண்டுகள் வெளிநாடுகளில் கழித்துவிட்டு 2003இல் மின்ஸ்க்கில் காலமானார். 2015இல் பெலாரஸுக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் எழுதுவது ரஷ்யனில். 2022இல் சமாதான நோபல் பரிசு பெற்ற மூன்று தரப்பில் ஒருவரான அலெஸ் பியாலியாட்ஸ்கி பெலாரூசியன் இலக்கியம் படித்தவர், இலக்கிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார்.

அம்ஹாரிக் எழுத்தாளருக்கு வாசகர் பஞ்சம் இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. பஆலு கிர்மா என்ற நாவலாசிரியரின் தந்தை எத்தியோப்பியாவில் வணிகம் செய்த ஓர் இந்தியர், தாய் எத்தியோப்பியர். பஆலு ராணுவ அரசின் தகவல் துறையில் உயர் பதவியில் இருந்தவர். எரித்திரியப் போரில் அரசு நடத்திய இயக்கத்தை உள்ளிருந்து பார்த்து 'ஒரோமாய்' என்ற நாவலை 1983இல் வெளியிட்டார். புத்தகம் தடை செய்யப்பட்டது. வேலை போயிற்று. 1984 பிப்ரவரியில் ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. ஆட்சி மொழியில் எழுதியதால் ஆட்சியாளர்கள் அதை மொழிபெயர்ப்பில்லாமல் படித்தார்கள்.

இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா இந்த ஒப்பீட்டில் ஓர் எதிர்பாராத சாட்சி. பெலாரூசியனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. போதாமல், 1933க்கு முந்தைய தரஷ்கேவிச் எழுத்துமுறையை விடாதவர்கள் தனியாக இன்னொன்றையும் நடத்துகிறார்கள். பல மடங்கு அதிகமானோர் பேசும் அம்ஹாரிக்கில் 20,000 கட்டுரைகள்கூட இல்லை. இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் எழுதிச் சேமிக்கிறார்கள். அன்றாடம் பேரம் பேசவும் வழக்காடவும் உதவும் மொழிக்கு அந்தப் பயம் இல்லை.

கணக்கெடுப்பாளரின் கேள்வி

2014க்குப் பிறகு பெலாரஸ் நகரங்களில் இளைஞர்கள் மாலை நேர இலவச வகுப்புகளில் தங்கள் தாய்மொழியை அந்நிய மொழிபோலக் கற்கத் தொடங்கினார்கள். கடைகளும் விளம்பரங்களும் பெலாரூசியனை நாகரிகச் சின்னமாகப் பயன்படுத்தின. 2020ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிந்தைய போராட்டங்கள் நசுக்கப்பட்டபோது இந்த மலர்ச்சிக்கும் அடி விழுந்தது. 1989இல் தோன்றிய, ஸ்கரினாவின் பெயரைத் தாங்கிய பெலாரூசியன் மொழிச் சங்கத்தை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்தது. இணையத்தில் இயங்கிய 'நாஷா நீவா' முடக்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் கைதானார்கள். ஆட்சி மொழியின் பெயரில் இயங்கிய சங்கத்தை அரசே மூடிய விசித்திரம் இது.

யுனெஸ்கோவின் பட்டியலில் பெலாரூசியன் ஆபத்துக்குள்ளாகக்கூடிய மொழி. அம்ஹாரிக்குக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதன் எதிர்காலம் பேசுபவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததாகவும் இல்லை. ஒரோமோக் குழந்தையும் சிடாமாக் குழந்தையும் தங்கள் மொழியில் முதலில் எழுதப் படிக்கக் கற்று, பிறகு பயன் கருதி அம்ஹாரிக்கை நாடும் நிலை வந்தால் அது பொது மொழியாக நிலைக்கும். வேலைக்கான கட்டாயமாக மட்டும் இருந்தால் கசப்பு தொடரும். அந்த இடத்துக்கு ஆங்கிலமும் காத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியின் பயிற்று மொழி ஏற்கெனவே ஆங்கிலம்தான்.

பெலாரஸில் கணக்கெடுப்பாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். உங்கள் தாய்மொழி எது? வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்? இரண்டு பதில்களுக்கும் இடையே 28 சதவிகித வித்தியாசம். பத்தில் மூன்று பேர் தாங்கள் பேசாத மொழியைத் தங்கள் மொழி என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ரஷ்யனில் கணக்குச் சொல்லி, ரஷ்யனில் பிள்ளையைத் திட்டி, அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் பெலாரூசியன் என்கிறார்கள். அரசாங்கம் கேட்டுப் பெற்ற பதில் அல்ல அது. மெர்காட்டோவின் மிளகாய் வியாபாரியிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டால் முதல் பதில் குராகேயாக இருக்கும். நாள் முழுவதும் அவர் அம்ஹாரிக்கில் வியாபாரம் செய்திருந்தாலும் பதில் மாறாது.